வாசித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பள்ளிக்கூடம் இருந்ததாம். அந்தப் பள்ளிக்கூடத்திலே ஆறாம் வகுப்பிலே முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்களாம். காலையில் பெயர் கூப்பிடும்போது மட்டும் முப்பது பெயரோடு நோட்டை மூடிவிடுவார்களாம்.

விட்டுப்போன அந்த ஒரு பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை, அண்ணே.

ஊர் பெயர் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தின் பெயரும் சொல்ல மாட்டேன். ஒருவர் பெயரைக் கெடுக்கிற ஆள் நான் இல்லை. எதிரே மஞ்சள் சுவர் தெரிகிறது பாருங்கள், அதுதான். பெயர் சொல்ல மாட்டேன்.

உட்காருங்கள். உங்கள் பஸ் நாலரைக்கு முன்னால் வராது. அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன், நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. மைக் செட் வைத்துப் பிழைக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே சத்தம் கேட்டாலும் பால்பாண்டி சவுண்ட் சர்வீஸ் பெட்டிதான். ஆனால் என் குரல் பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்காது. பெட்டி கத்துகிறது, நான் எதற்குக் கத்த வேண்டும்?

என் அக்கா தங்கமாரி மில்லில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் மாறி மாறி வரும். மச்சான் லாரியோடு போனால் மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டில் தங்கினால் பெரிது. அதனால் அவர்கள் பிள்ளை கனிஷ்காவுக்குப் பள்ளிக்கூடம் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் நான்தான். தாய்மாமன் என்றால் சீர் செய்வதற்கு மட்டுமா?

கனிக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். குறை ஒன்றும் இல்லை. வாசிப்பு வராது, அவ்வளவுதான். அஞ்சாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் சோம்பேறி என்றார்கள், விளையாட்டுப் புத்தி என்றார்கள். அவளைக் கேட்டேன். "நான் கேள்விய வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிருது மாமா" என்றாள். "பதில் தெரியும். கேள்விதான் தெரிய மாட்டேங்குது."

ரெஜினா டீச்சர் வந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அவர் சிறப்பாசிரியர். செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டியில் வருவார், மற்ற நாளெல்லாம் மற்ற பள்ளிக்கூடங்கள். அவர் ஒரே கேள்வித்தாளை இரண்டு தடவை கொடுத்துப் பார்த்தார். கனி தானே வாசித்து எழுதியபோது இருபதுக்கு இரண்டு. டீச்சர் வாசித்துச் சொல்லி, அவள் வாயால் பதில் சொன்னபோது இருபதுக்குப் பதினேழு. அந்த இரண்டு தாளையும் என் கையில் கொடுத்து, "இது பிள்ளையோட தப்பு இல்ல பாண்டி" என்றார். நான் அன்றைக்கு ஒரு வளைகாப்புக்குப் பெட்டி கட்டாமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் கனிக்கென்று தனிக் கல்வித் திட்டம் ஒன்று எழுதினார். பெரிய புராணம் ஒன்றும் இல்லை, நாலே வரி. கேள்வித்தாளை அவளுக்கு ஒருவர் வாசித்துச் சொல்ல வேண்டும். வாயால் சொல்கிற பதிலுக்கும் மார்க் போட வேண்டும். எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லக் கூடாது. அவள் எழுதி முடிக்கிற வரைக்கும் கரும்பலகையை அழிக்கக் கூடாது. இந்த நாலு வரிக்கு யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்?

தலைமையாசிரியரைப் பிள்ளைகள் பெரிய சார் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பெரிய சார் கெட்டவர் இல்லை. இரண்டு வாத்தியார் இடம் காலி, அவரே மூன்று வகுப்பு எடுக்கிறார், சட்டைக் காலரில் எப்போதும் சாக்பீஸ் தூள். ஆனால் நாலு வரியை வாசித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி, ஒரு பிள்ளைக்குச் செஞ்சா முப்பது பிள்ளையும் கேக்கும்."

"கேக்கட்டும் சார்" என்றேன்.

"என்னது? சத்தமாப் பேசுங்க."

"கேக்கட்டும் சார்" என்றேன், அதே சத்தத்தில். அவர்தான் குனிந்து கேட்டுக்கொண்டார். இது என் வழக்கம், அண்ணே. குனியட்டும் என்று விட்டுவிடுவேன்.

திட்ட நோட்டு அவர் மேஜை இழுப்பறைக்குள் போனது. போனதுதான்.

இப்போது ஜூன் மாதக் கூட்டத்தைச் சொல்ல வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. பெற்றோர்தான் உறுப்பினர்கள். அக்கா உறுப்பினர், அக்காவுக்கு ஷிப்ட், அக்காவுக்குப் பதில் நான். அங்கே ஒரு பழக்கம். போனதும் டீயும் வடையும் கொடுப்பார்கள். பின்னாலேயே தீர்மான நோட்டு வரும். பக்கம் வெறுமையாக இருக்கும். கீழே ஓரமாக எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். மேலே தீர்மானத்தைப் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும், சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், இதற்கு என்ன வாசித்துப் பார்ப்பது? வேலைக்குப் போகிற பெண்கள், வடையைப் பிள்ளைக்கு முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். நானும் போட்டேன். "தங்கமாரிக்காக பால்பாண்டி." கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஆகஸ்டில் ஒரு நாள் கனி வந்து பையைக் கீழே வைக்காமலே சொன்னாள். "மாமா, இன்னைக்கு என் பேரைக் கூப்பிடல."

"மறந்திருப்பாங்க."

"நேத்தும் கூப்பிடல."

மறுநாள் போனேன். வகுப்பு டீச்சர் பெரிய சாரைப் பார்க்கச் சொன்னார். பெரிய சார் தீர்மான நோட்டை எடுத்தார். வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அண்ணே. படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைகளுக்காக வைத்தது. டீச்சரே வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுப்பார். நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மதில் ஏறிக் குதித்து நொண்டி விளையாடுகிற என் அக்கா மகளை அதில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இனிமேல் செவ்வாயும் வெள்ளியும் ரெஜினா டீச்சர் வரும்போது வந்தால் போதுமாம். மற்ற நாள் வீட்டில் இருக்கலாமாம்.

"மாநிலத் தேர்வு வருது தம்பி. இந்தப் பிள்ளை வெறுந்தாளைக் கொடுத்தா வகுப்போட சராசரியே விழுந்துரும். எனக்கு மேல இருக்கவங்க என்னையத்தான் கேப்பாங்க."

"வாசிச்சுச் சொன்னா வெறுந்தாள் கொடுக்க மாட்டா சார்."

"யாரு வாசிக்கிறது? எனக்கு ஆள் எங்க இருக்கு?"

"யாரைக் கேட்டுப் பட்டியல்ல சேத்தீங்க?"

அவர் நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "பெற்றோர் சம்மதத்துடன்" என்று எழுதியிருந்தது. கீழே ஓரத்தில் ஒரு கோடு, இரண்டு புள்ளி.

கையெழுத்து என்னுடையதுதான். நான் மறுக்கவில்லை. மறுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நான் போட்டபோது மேலே ஒன்றும் இல்லை. வெறும் பக்கத்துக்கு யாராவது பயப்படுவார்களா? அக்காவிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மில்லிலிருந்து களைத்து வருகிறவளிடம் எதற்கு? சாரே ஏதோ பண்ணிவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய் இல்லையே.

மறுநாள் கனியைச் சீருடை மாட்டிக் கூட்டிக்கொண்டு வந்தேன். பட்டியல் அவர்களுடையது, பிள்ளை எங்களுடையது. வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். "நான் இங்கதான் நிப்பேன்" என்று வராந்தாவில், தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். காலை மணி அடித்ததிலிருந்து சாயந்தர மணி வரைக்கும். ஒரு நாள் இல்லை, அண்ணே, பதினோரு நாள். இரண்டு கல்யாணம் கைவிட்டுப் போயிற்று. பெரிய சார் கடந்து போகும்போதெல்லாம் "வணக்கம் சார்" என்பேன். "என்ன?" என்று குனிவார். "வணக்கம் சார்." மூன்றாம் நாளிலிருந்து அவர் வேறு வழியாகப் போக ஆரம்பித்தார்.

அந்தப் பதினோரு நாளும் காலையில் முப்பது பெயர் கூப்பிடுவார்கள். முப்பதாவது பெயர் யுவனேஷ். அவன் "உள்ளேன் டீச்சர்" என்று உட்கார்ந்ததும் கனி எழுந்திருப்பாள். யாரும் கூப்பிடாமலே "உள்ளேன் டீச்சர்" என்பாள். உட்காருவாள். முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். நாலாம் நாள் சிரிப்பு நின்றது. ஒன்பதாம் நாள் வகுப்பு டீச்சர் நோட்டை உடனே மூடவில்லை. அவள் சொல்லி உட்காரும் வரைக்கும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்தத் துணிச்சல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? நான் அங்கே நின்றேன் அல்லவா, அதுதான்.

வகுப்பில் பிள்ளைகள் அவளுக்கு "மைக் செட்" என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். என் தொழிலை வைத்து. பெருமையாகத்தான் இருந்தது. கனிக்கு மட்டும் என்மேல் ரொம்பக் கவலை. இடைவேளையில் வந்து, "மாமா, நீ வீட்டுக்குப் போ" என்பாள். "போ மாமா, எல்லாரும் பாக்குறாங்க." நம் மாமன் கால் வலிக்க நிற்கிறானே, பிழைப்புக் கெடுகிறதே என்று பிள்ளைக்குத் தவிப்பு. "எனக்குக் கால் வலிக்கலடா" என்பேன். அவள் விறுவிறுவென்று உள்ளே போய்விடுவாள். அவ்வளவு பாசம்.

பன்னிரண்டாம் நாள் செப்டம்பர் மாதக் கூட்டம்.

எட்டாம் வகுப்பு அறையில் நடந்தது. பதினைந்து பேர் இருந்தோம், முக்கால்வாசி பெண்கள். குழுத் தலைவி காளீஸ்வரி அக்கா, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலை, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். ரெஜினா டீச்சரும் வந்திருந்தார், அன்றைக்கு வெள்ளிக்கிழமை. டீ வந்தது. வடை வந்தது. நோட்டு வந்தது. பக்கம் வெறுமை.

என் முறை வந்ததும் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தேன். "எழுதுங்க சார். எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க. கையெழுத்துப் போடுறேன்."

"என்ன தம்பி?"

"வாசிச்சுக் காட்டுங்க சார்."

"நீங்க டிப்ளமோ படிச்சவர்தானே? உங்களுக்கு எதுக்கு வாசிக்கணும்?"

"படிச்சவன்தான் சார். ஜூன் மாசம் படிக்காமப் போட்டுட்டேன்."

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். "எல்லாரும் வேலைக்குப் போகணும் பாண்டி. எப்பவும் நடக்குற மாதிரி நடக்கட்டும்."

நான் எழுந்திருக்கவில்லை. குரலை உயர்த்தவில்லை. "வாசிச்சுக் காட்டுங்க சார்" என்று மறுபடியும் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை. டீ ஆறிப்போனது. ஓரத்தில் ஒரு பெண் எரிச்சலாகி, "கையெழுத்தைப் போட்டுத் தொலையேன்யா, எனக்கு பஸ்சு போயிரும்" என்றாள்.

அப்போதுதான் காளீஸ்வரி அக்கா வடையைக் கீழே வைத்தாள். "இருடி. சார், நான் தலைவியாகி ரெண்டு வருசமாச்சு. மாசா மாசம் கையெழுத்துப் போடுறேன். என்னத்துக்குப் போட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், நான் முடிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும். அதனால கேட்டதில்ல, வெக்கமா இருந்துச்சு. அந்தத் தம்பி கேக்குறதை நானும் கேக்குறேன். ஜூன் மாசத்துலேருந்து வாசிங்க."

"ஜூன்லேருந்தா?"

"ஆமா. நாங்க போட்டதுதானே, நாங்க கேக்க வேணாமா?"

பஸ் போய்விடும் என்ற பெண்ணும் உட்கார்ந்துவிட்டாள். பெரிய சார் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் துடைத்தார். அப்புறம் வாசித்தார். தண்ணீர்த் தொட்டி. வெள்ளையடிப்பு. மூன்றாவது தீர்மானத்தில் குரல் இறங்கியது.

காளீஸ்வரி அக்கா, "சத்தமா வாசிங்க சார்" என்றாள்.

சத்தமாக வாசித்தார். "ஆறாம் வகுப்பு மாணவி கனிஷ்காவை, பெற்றோர் சம்மதத்துடன், வீட்டிலிருந்து படிக்கும் பட்டியலில் சேர்ப்பதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

ஒருமனதாக! அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அடப்பாவி, நம்மளா அந்தப் பிள்ளைய வெளிய தள்ளுனோம்?" என்றாள் ஒருத்தி. "எம் பேரும் அதுல இருக்கா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோர் பெயரும் இருந்தது. காளீஸ்வரி அக்கா எழுந்து நின்றாள். "அடிங்க சார் அதை. ஒருமனசா அடிக்கிறோம். எழுதிக்கோங்க."

பெரிய சார் ரெஜினா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பையிலிருந்து இரண்டு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். இருபதுக்கு இரண்டு, இருபதுக்குப் பதினேழு. "தேர்வு அன்னைக்கு நான் வந்து வாசிக்கிறேன் சார். அனுமதிக் கடிதம் நானே எழுதி வாங்குறேன். சராசரி கூடத்தான் செய்யும்." பெரிய சார் பதினேழை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் அறைக்குப் போய் மேஜை இழுப்பறையிலிருந்து திட்ட நோட்டை எடுத்துவந்தார். அதன்மேல் இருந்த தூசியை யாரும் கவனிக்காத மாதிரி சட்டையில் துடைத்தார். பாவம்தான் மனிதர்.

நாலு வரியும் தீர்மான நோட்டில் ஏறியது. வாசித்தார். நான் பேனாவைத் திறந்தேன். அப்போது ரெஜினா டீச்சர், "பிள்ளையக் கூப்பிட்டுக் கேட்டுரலாமே. அவளுக்கான திட்டம்தானே?" என்றார்.

கனி வந்து நின்றாள். பாவாடையில் சாக்பீஸ் கறை.

"நாலு வரியும் உனக்குச் சரியா இருக்காம்மா?" என்று கேட்டார் டீச்சர்.

"சரியா இருக்கு டீச்சர்" என்றேன் நான்.

"வேற ஏதாவது வேணுமா கனி?"

"முன் பெஞ்சுல உக்கார வைக்கணும் டீச்சர்" என்றேன். "அவளுக்கு அதுதான் புடிக்கும்."

"பாண்டி, நீங்க கொஞ்சம் இருங்க" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். எதற்கு என்று தெரியவில்லை, நானும் சிரித்துவைத்தேன்.

கனி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முன் பெஞ்சு வேணாம். மதுநிஷா பக்கத்துல மூணாவது பெஞ்சு போதும்." அப்புறம் நிமிர்ந்தாள். "இன்னொரு வரி எழுதணும். மாமா ஸ்கூலுக்குள்ள வரக் கூடாது. என்னைக் கூப்பிடவும் வரக் கூடாது. நானே வந்து நானே போவேன்."

பெரிய சார் அந்த வரியை எவ்வளவு வேகமாக எழுதினார் என்கிறீர்கள்! முதல் நாலு வரிக்கு அரைமணி நேரம், இதற்கு அரை நிமிடம். எழுதிவிட்டு, நான் கேட்காமலே, நன்றாகச் சத்தமாக வாசித்தும் காட்டினார். என்னவோ அவருக்கு அன்றைக்குத்தான் தீபாவளி மாதிரி.

போட்டேன், அண்ணே. ஐந்து வரிக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளை பேச்சு, கூட்டத்தைப் பார்த்த பயத்தில் ஏதோ சொல்லிவிட்டது. ஆனால் அவள் கேட்டாள், எழுதவைத்தாள். அந்த ஐந்தாவது வரியை நாளைக்கு எவனாவது அடிக்கப் பார்த்தால் அதற்கும் நான்தான் போய் நிற்பேன். கேட்டுக்கு வெளியே நிற்பேன்.

திங்கட்கிழமை முப்பத்தொரு பெயர் கூப்பிட்டார்களாம். மதுநிஷா சொல்லித் தெரியும். கனி என்னிடம் சொல்லவில்லை.

இப்போது இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கப் போகிறீர்கள். இது பஸ் ஸ்டாப், அண்ணே. பள்ளிக்கூடம் இல்லை. தீர்மானத்தில் பஸ் ஸ்டாப் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. சும்மா காற்று வாங்க வந்தேன்.

மணி அடித்துவிட்டது, கேட்டதா? பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் அவளைத் தேடாதீர்கள், அவள் கடைசியாகத்தான் வருவாள். வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதி முடிக்க வேண்டுமே. முடிக்கிற வரைக்கும் பலகையை அழிக்கக் கூடாது. பெரிய சாரே துடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாராம். நிற்கட்டும்.

அதோ ரெஜினா டீச்சர் ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டார். அதோ பெரிய சார். வணக்கம் சார்! அவருக்குக் கேட்டிருக்காது, பரவாயில்லை.

வந்துவிட்டாள். இரட்டைச் சடை, அவள்தான். என்ன, கேட்டிலேயே நின்றுவிட்டாள்? என்னைப் பார்த்துவிட்டாள் போல. பையை இறக்கிக் கீழே வைக்கிறாள். சுவரில் சாய்ந்துகொண்டாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

வாடா கனி! நான் ஒன்றும் உள்ளே வரவில்லையே!

அசைய மாட்டேன் என்கிறாள். கேட் பூட்டுகிற அம்மா சாவியோடு காத்திருக்கிறார், அவரிடம் ஏதோ சொல்கிறாள். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார், போங்க என்று. தெருவில் வேறு பிள்ளைகளே இல்லை. நான் இந்த இடத்தை விட்டுப் போகாமல் அவள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள், பொழுது சாய்ந்தாலும் சரி. இந்தப் பிடிவாதம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது, அண்ணே. மச்சான் வீட்டு ரத்தம்.

சரி. நான் கிளம்புகிறேன். நான் போனதும் அவள் இந்த வழியாகத்தான் வருவாள், நீங்கள் அவளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். அந்த முக்குத் திரும்புகிற வரைக்கும் நானும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மறுபடியும் நின்றுவிடுவாள். வருகிறேன், அண்ணே.